விலாசம் இல்லாத விரிசல்

வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் முதல் வேலையாக ஒரு காலண்டரை மாட்டி மறைத்துவிடுங்கள். ஒன்றுக்கு அடங்காவிட்டால் இரண்டு மாட்டுங்கள். என்ன ஆனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஜனங்கள் செருப்புத் தேடிக்கொண்டு நிற்கும் நேரத்தில் மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

நான் திறந்தேன். "படுக்கிற அறையில ஒரு விரிசல் விழுந்திருக்கு அண்ணாச்சி." மொத்தமே அவ்வளவுதான். அண்ணாச்சி மருந்துக்கடை வைத்திருப்பவர். "எம்-சீல் வாங்கி அப்பிரும்" என்றார், இருமலுக்கு மாத்திரை சொல்லும் அதே வேகத்தில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குறுக்கே வந்து, எம்-சீல் குழாய்க்குத்தான் ஆகும், சுவருக்கு வெள்ளை சிமெண்ட்தான் என்று திருத்தினார். துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த தம்பி ஒருவன், அங்கெல்லாம் சுவருக்கு ஊசி போட்டே சரிபண்ணிவிடுவார்கள் என்றான். பக்கத்தில் நின்ற பெரியம்மா, "தலைய எந்தப் பக்கம் வச்சுப் படுக்குதிய?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு வாசலில் நின்ற அத்தனை பேரில் கேள்வி என்று ஒன்றைக் கேட்டது அந்தப் பெரியம்மா மட்டும்தான். கடைசியாக வந்த கொத்தனார் விஷயத்தைக் காதில் வாங்கியும் வாங்காமலும், "இடிச்சிட்டுக் கட்டுறதுதான் நல்லது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இதற்காக எங்கள் ஊரைக் குறை சொல்லக்கூடாது. மிஷனரியான கனோன் மர்காஷிஸ் ஐயர் 1876-ல் எங்கள் நாசரேத்துக்கு வந்து, 1908-ல் கண்ணை மூடும் வரை இங்கேயே இருந்தவர். வந்த சூட்டோடு 1878-லேயே இங்கே ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கிவிட்டார். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்துவிட்டு, ஒரு விரிசலுக்கு யோசனை சொல்லத் தெரியாது என்று ஒருத்தர் ஒதுங்கிப் போனால் அது ஐயருக்குச் செய்கிற மரியாதை ஆகுமா?

விரிசல் எங்கே, எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மனசு லேசாகி, போகிற வழியில் எம்-சீலும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். என் மனைவிக்குத்தான் மனசு ஆறவில்லை.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. 2014 ஜூன் 28-ம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்துப்போனார்களே, அந்தச் செய்தியை இரவெல்லாம் டி.வி.யில் பார்த்தவள். அதற்கு ஜோடியாக நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்து இறக்கினார்கள். அதையும் பார்த்தாள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரைத்தான் முதலில் பார்ப்பாள், அப்புறம்தான் மனுஷரை. "நம்ம வீடு தரையோட தரையா இருக்கிற வீடு. விழுந்தாலும் ரொம்ப தூரம் விழ வழியில்ல" என்று ஆறுதல் சொன்னேன். அன்று ராத்திரி அவள் தலையணையை எடுத்துக்கொண்டு பட்டாலைக்குப் போய்விட்டாள்.

ஆகவே என் தங்கச்சி மகனுக்கு போன் போட்டேன். சென்னையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பாலம், பத்து மாடி, பதினைந்து மாடி என்று கணக்குப் போடுகிறவன். இந்த ஒற்றைத் தளத்து வீட்டை அவன் நின்ற நிலையில் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

"மாப்ள, வீட்ல விரிசல் விழுந்திருக்கு. பயப்படணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லிரு."

"என்ன விரிசல் மாமா?"

"விரிசல்தான்."

"எங்க?"

"வீட்டுல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "அலோ, அலோ" என்றேன். இருக்கிறேன் மாமா என்றான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 'செல்வராஜ், சர்ச் தெரு, தமிழ்நாடு' என்று எழுதிப் போட்டுவிட்டு, கடிதம் ஏன் போகவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். 'விலாசம் போதாது' என்று என் கையால் எழுதித் திருப்பியவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு அறை நிறைந்திருக்கும். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்த கதையையும், எங்கள் ஊர் 628617-ல் முதல் மூன்று இலக்கம் எதற்கு, கடைசி மூன்று எதற்கு என்பதையும் கவுன்டருக்கு வந்தவர்களிடம் வரிசை நகராமல் விளக்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன்தான் "வீட்டுல" என்றேன்.

"சரி, எவ்வளவு அகலம் இருக்கும்?"

"நல்ல அகலந்தான் மாப்ள. எறும்பு போகும். பல்லி போகாது."

"எந்த எறும்பு மாமா? கட்டெறும்பா, சித்தெறும்பா?"

கிண்டல் செய்கிறான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து, இப்போதைக்கு அங்கே எறும்பு எதுவும் இல்லை என்று சொன்னேன்.

அப்புறம் அவன் ஒரு வழி சொன்னான். ஏ.டி.எம். கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர் சொச்சம். அதை விரிசலில் வைத்துப் பாருங்கள், உள்ளே நுழையவில்லை என்றால் பெரும்பாலும் பூச்சு சம்பந்தப்பட்ட விவகாரம், நுழைந்தால் மேற்கொண்டு பேசுவோம் என்றான். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, ஜன்னலுக்கு மேலே விரிசல் வாய் பிளந்திருக்கிற இடத்தில் கார்டை வைத்தேன். நுழைந்தது. நுழைந்தது மட்டும் இல்லை, போய்க்கொண்டே இருந்தது. மெஷின் கார்டை விழுங்கினால் பேங்கில் எழுதிக் கொடுக்கலாம். சுவர் விழுங்கினால் யாரிடம் எழுதிக் கொடுப்பது? "ஏங்க, கார்டு வராட்டி பென்ஷன் எப்படி எடுப்பிய?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவித் தந்தாள். கார்டு வந்தபோது கூடவே ஒரு கைப்பிடி சுண்ணாம்பும் வந்தது.

"நுழைஞ்சிட்டு மாப்ள" என்றேன், பரீட்சையில் தேறிவிட்ட சந்தோஷத்தில்.

அவனுக்குச் சந்தோஷம் இல்லை. இங்கிலாந்தில் கட்டட ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருக்கிறதாம். விரிசலை அகலம் வைத்துத் தரம் பிரித்து அவர்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். 1 மில்லிமீட்டர் வரைக்கும் வெள்ளையடிக்கும்போது அடைத்துவிடலாம். 5 வரைக்கும் போனால் கதவு, ஜன்னல் லேசாக இறுகும். 5-லிருந்து 15 என்றால் கொத்தனாரை வைத்து வெட்டித் திறந்து சரிபண்ண வேண்டும். 25-ஐத் தாண்டினால் சுவர் நிற்பதே சந்தேகம். "ஆனா அகலத்த மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மாமா. அது வளருதா, நின்னுட்டாங்கிறதுதான் முக்கியம். எப்பலேர்ந்து இருக்கு?"

"ரொம்ப நாளா இருக்கு. இப்பத்தான் பாத்தோம்."

"எந்தப் பக்கமாப் போகுது?"

"வடக்க பாத்து."

"படுத்திருக்கா, நிக்கா, சாஞ்சிருக்கா மாமா?"

இதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. விரிசல் என்றால் விரிசல், அதற்கு நிற்பது என்ன, படுப்பது என்ன? அவன் பொறுமையாகச் சொன்னான். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடினால் வெயில் வேலை. கான்கிரீட் சூட்டில் நீண்டு சுருங்குகிறது, சுவர் கூடவே நீளமாட்டேன் என்கிறது. வலைபின்னியதுபோல் மயிரிழையாகக் கிடந்தால் பூச்சு காய்ந்த கோளாறு. கூரையில் கம்பி போகிற வாட்டத்தில் பழுப்புக் கறையோடு வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது, தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்துகொண்டு இதற்கு விளக்கம் வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் செங்கலாகப் படியேறிப் போனால் மட்டும் அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

அஸ்திவாரம் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒங்க தாத்தா கட்டுன வீடு மாப்ள இது! சுண்ணாம்புல கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணிய ஊத்தி, மாட்டக் கட்டிச் செக்குல அரைச்சு..." என்று ஆரம்பித்து, கருப்பட்டி உடன்குடியிலிருந்து வந்தது, ஓலைக்கொட்டான் கொட்டானாக வந்தது, அதில் பாதியைக் கொத்தனார்களே தின்றுவிட்டார்கள் என்று தாத்தா கடைசிவரை சந்தேகப்பட்டது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவன் முழுவதையும் கேட்டான். நல்ல பிள்ளை.

"கருப்பட்டி சரி மாமா. சுவர் எத்தன இஞ்சு?"

"அது தெரியாது."

"அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்?"

"அந்தக் காலத்து அஸ்திவாரம் மாப்ள!"

இதற்கு மேல் ஒரு இன்ஜினியருக்கு என்ன விவரம் வேண்டும்? நான் கெஞ்ச ஆரம்பித்தேன். எழுதிக்கொடுக்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம், போனில் வாய்வார்த்தையாக 'ஒண்ணும் இல்ல மாமா' என்று ஒரு சொல் சொல்லிவிடு, உங்க அத்தை கட்டிலுக்குத் திரும்பி வரட்டும் என்றேன். அப்போதுதான் அவன் குரல் மாறியது. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி என்ற ஓட்டலில் 1981 ஜூலை 17-ம் தேதி நடந்ததைச் சொன்னான். கூடத்துக்கு மேலே அந்தரத்தில் இரண்டு நடைபாதை, ஒன்றுக்குக் கீழே ஒன்று. கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கி இரண்டையும் தாங்குவதாகத்தான் முதல் வரைபடம். அவ்வளவு நீளக் கம்பியில் மறை போடுவது கஷ்டம் என்று, செய்கிற இடத்தில் அதை இரண்டு துண்டாக மாற்றினார்கள். மேல் நடைபாதை கூரையில் தொங்கும், கீழ் நடைபாதை மேல் நடைபாதையில் தொங்கும். சின்ன மாற்றம். ஆனால் மேலே இருந்த நட்டு தாங்க வேண்டிய பாரம் இரட்டிப்பாகிவிட்டது. அன்று சாயந்திரம் நடன நிகழ்ச்சி. இரண்டும் விழுந்து 114 பேர் இறந்தார்கள். போன் பண்ணிக் கேட்டுத்தான் மாற்றினோம் என்றார்கள் செய்தவர்கள். அப்படி ஒரு போனே வரவில்லை என்றார்கள் இன்ஜினியர்கள்.

"அதனால போன்ல 'ஒண்ணும் இல்ல'ன்னு மட்டும் என்கிட்ட வாங்கிராதிய மாமா" என்றான். அதற்கப்புறம் நான் கெஞ்சவில்லை.

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினான். படிவம் என்றால் எனக்கு உயிர். மணியார்டர் படிவத்தைத் தப்பில்லாமல் நிரப்புவது எப்படி என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த கை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். வயது: 67. உயரம்: 5 அடி 6 அங்குலம். மேலே பாரம் ஏதாவது உண்டா: கர்த்தர் கிருபையால் பேங்க் கடன் முழுவதும் அடைத்தாயிற்று.

"வீட்டோட வயசு மாமா. சுவரோட உயரம் மாமா. பாரம்னா தட்டட்டி மேல என்ன இருக்குன்னு கேட்டேன்" என்று பதில் வந்தது. தட்டட்டியில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி மட்டும்தான் இருக்கிறது, வெறும் பிளாஸ்டிக், பாரமே கிடையாது என்று எழுதினேன். எத்தனை லிட்டர் என்றான். ஆயிரம் என்றேன். அப்போ நிறைஞ்சா ஒரு டன் மாமா என்றான். அன்றைக்குத் தட்டட்டிக்குப் போய் அந்தத் தொட்டியை வேறு கண்ணோடு பார்த்துவிட்டு வந்தேன்.

பட்டியலில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று இருந்தது: சமீபத்தில் வீட்டிலோ சுற்றுப்புறத்திலோ ஏதாவது மாற்றம் நடந்ததா? இதற்கு இரண்டு பக்கம் எழுதினேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத்தான் எழுதினேன், வேறு எதை எழுதுவது? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊரைத் தாண்டிப் போன செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கடியில் மண் அரித்துப்போய், ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. வெள்ளம் தந்த விரிசல் என்றால் அதற்கு ஒரு கௌரவம் இருக்கிறது. நாலு பேரிடம் சொல்லலாம். எங்கள் தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை என்பதை விவரத்தில் சேர்க்கவில்லை.

அதை அனுப்பிவிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "வெள்ளத்துக்குப் பெறவுதான வெள்ளையடிச்சோம்? அப்ப சொவரு நல்லாத்தான இருந்துச்சு? நாந்தான தொடச்சேன்?" என்றாள். இரண்டு பக்கத்தை மூன்று கேள்வியில் முடித்துவிட்டாள். அதைத் தனியாக எழுதி அனுப்பும் தெம்பு எனக்கு இல்லை. அவளே போனைப் பிடுங்கிப் பேசிப் பதிவு பண்ணி அனுப்பிவிட்டாள்.

அடுத்தது போட்டோ. முதலில் அனுப்பியதை மிகவும் கிட்டத்தில் போய் எடுத்திருந்தேன், தெளிவாக இருக்க வேண்டுமே என்று. "இது விரிசலா மாமா, பிளேன்லேர்ந்து எடுத்த தாமிரபரணியா?" என்று கேட்டான். தூரத்திலிருந்து முழுச் சுவரும் தெரிகிறாப்போல ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அளவு தெரிய ஏதாவது ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்து ஒன்று, உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் வேண்டும் என்றான். ஸ்கேலைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஐந்தடி இரண்டங்குலம் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு அளவு வீட்டில் இருந்தது. அவளைச் சுவரோடு நிற்கச் சொன்னேன். போட்டோ என்றதும் அவள் உள்ளே போய்ப் பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். சிரிக்கச் சொன்னேன், சிரித்தாள். நல்ல படம். இப்போதும் என் போனில் முகப்பில் அதுதான் இருக்கிறது.

"அத்தை நல்லா இருக்காவ. விரிசல் எங்க மாமா?"

விரிசல் அத்தைக்குப் பின்னால் இருந்தது.

கடைசியில் வெளிப்பக்கம் போய், முழங்கால் உயரச் செடியெல்லாம் தாண்டி, சுவர் முழுவதும் தெரிகிறாப்போல் தூர நின்று ஒன்று எடுத்து அனுப்பினேன். அனுப்பிய கையோடு போன் அடித்தது.

"மாமா, மூலையில ஒரு வாழை தெரியுதே."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் பேச்சில் அவன் ரசனையோடு கேட்ட முதல் கேள்வி. "கற்பூரவள்ளி மாப்ள! கன்னு வச்சது நான்தான். குலை பாத்தியா? ஆனை தும்பிக்கையாட்டம் இறங்கியிருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல இருக்கிற செடியெல்லாம் காஞ்சு கிடக்கு. இது மட்டும் எப்படி இப்படிச் செழிக்கு? தண்ணி யாரு ஊத்துதா?"

நான் ஊற்றவில்லை, அதுதான் இதில் சாமர்த்தியம். வாஷிங் மெஷின் வாங்கியபோது கழிவுத்தண்ணீரை முன்னால் ஓடை வரைக்கும் கொண்டுபோகக் குழாய் பதிக்க வேண்டும் என்றார் பிளம்பர். அதற்கு ஒரு தொகையும் சொன்னார். எதற்கு வீண்செலவு? சுவரில் ஒரு ஓட்டை போட்டு, ஹோஸை வெளியே நீட்டி, மூலையில் விட்டுவிட்டேன். தண்ணீர் வீணாகக்கூடாது என்று அங்கேயே ஒரு வாழைக்கன்றும் வைத்தேன். ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நீர் மறுசுழற்சி பற்றி எழுந்து நின்று பேசியிருக்கிறேன், கைதட்டினார்கள். இதையெல்லாம் மூச்சு விடாமல் அவனிடமும் சொன்னேன்.

"இத ஏன் மாமா பட்டியல்ல எழுதல?"

"விரிசலப் பத்தித்தான மாப்ள கேட்ட? வாழையப் பத்திக் கேக்கலியே?"

அவன் பெருமூச்சு விட்டது சென்னையிலிருந்து நாசரேத்து வரை கேட்டது. பிறகு நிதானமாக விளக்கினான். விரிசல் மேலே அகலமாகவும் கீழே வரவரக் குறுகலாகவும் இருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிறது. அந்த மூலை கீழே இறங்கினால் சுவர் மேல்பக்கம்தான் வாய் திறக்கும். நம் ஊர் மண்ணோ தேரி மண்ணுக்குச் சொந்தக்கார மண். குதிரைமொழித் தேரியில் பார்த்திருப்பீர்களே, இரும்புச்சத்து மேலே படிந்து சிவந்த மணல். காய்ந்து கிடக்கும்வரை பாரத்தைத் தாங்கி நிற்கும். தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் விட்டால் இளகும், நெகிழும், ஓடுகிற தண்ணீரோடு தானும் ஓடும். "வாழை குத்தவாளி இல்ல மாமா. அது சாட்சி" என்றான்.

சொல்லிவிட்டு, அதற்கும் ஒரு கொக்கி போட்டான். இதெல்லாம் படத்தைப் பார்த்துச் சொல்கிற ஊகம். உள்ளூரில் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, அஸ்திவாரத்தை ஒட்டிக் குழி தோண்டிக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை எம்-சீலைத் தொடக்கூடாது. எம்-சீல் விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று என் மனைவியைப் பார்த்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள்.

உள்ளூர் இன்ஜினியர் வந்தார். நான் கருப்பட்டியில் ஆரம்பிப்பதற்குள் சுவரைத் தட்டிப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், கதவை இழுத்து மூடிப் பார்த்தார். கதவு இறுகியது. மழைக்கு உப்பிவிட்டது என்று நான் போன மாதம்தான் ஆசாரியை வைத்து இழைத்த கதவு. பிறகு மூலையில் குழி தோண்டினார்கள். தாத்தாவின் அஸ்திவாரம் ஜாதிக்கல்லாகத்தான் இருந்தது, அதில் குற்றமில்லை. அதற்கு அடியில்தான் என் முழங்கை வரை உள்ளே போகிற அளவுக்கு ஒரு பொந்து. மண் இருக்க வேண்டிய இடத்தில் சோப்பு வாசனை இருந்தது.

"இந்த ஹோஸ இங்க விட்டது யாரு?" என்று இன்ஜினியர் கேட்டார். விசாரணையே தேவைப்படவில்லை. என் மனைவி, தோண்டிய ஆள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் சொன்ன வைத்தியம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தண்ணீரை நிறுத்த வேண்டும், அந்தக் குழாயை ஓடைக்கே கொண்டுபோக வேண்டும் (பிளம்பர் இப்போது பழைய தொகையைப் போல இரண்டு மடங்கு சொல்கிறார்), பொந்தை மெலிந்த கான்கிரீட் போட்டு நிரப்ப வேண்டும். விரிசலை மட்டும் இப்போது அடைக்கக்கூடாது. அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதிவைத்துவிட்டுப் போனார். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலம் போய்ப் பார்த்து உடையாமல் இருந்தால் அப்புறம் அடைக்கலாம். இப்போது வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்குக் காப்பிக்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறோம். என் மனைவி கட்டிலுக்குத் திரும்பிவிட்டாள், ஆனால் படுக்குமுன் டார்ச் அடித்து அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் ஜெபம் பண்ணுகிறாள்.

மிச்சம் இருந்தது வாழை. குழியை அகலப்படுத்த அதை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார் இன்ஜினியர். குலை முற்றட்டும் என்றாள் என் மனைவி. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, முடிவை மாப்பிள்ளையிடமே விட்டுவிட்டேன். இந்தத் தடவை அவன் ஒரு கேள்வியும் கேட்க வாய்ப்பில்லாதபடி அனுப்பினேன்: குலையில் ஏழு சீப்பு, பூ தள்ளிய தேதி, தண்டின் சுற்றளவு 26 அங்குலம், அடிமரத்துக்கும் சுவருக்கும் இடைவெளி 2 அடி 3 அங்குலம், குலை சாய்ந்திருக்கும் திசை வடகிழக்கு, தூரத்தில் ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம், ஸ்கேல் வைத்து ஒரு படம். ஸ்கேல் கிடைத்துவிட்டது.

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "தண்ணிய நிறுத்திட்டிய, பாரமும் பெரிசா இல்ல. குலை முத்துற வரைக்கும் நிக்கட்டும் மாமா, குழிய அந்தப் பக்கமாத் தோண்டச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு சீப்பு அனுப்பிருங்க. வீடு மாறிட்டேன். புது அட்ரஸ்: வேளச்சேரி, சென்னை."

கதவு எண் என்ன, எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, பின்கோடு என்ன என்று கேட்டு எழுதினேன்.

"இருங்க மாமா, வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்றான்.